பழைய ஆக்டேவியா ஆர்.எஸ். வாங்கலாமா? சேலத்துத் தம்பிக்கு ஒரு நீண்ட பதில்

கேட்டவர் சேலத்துக்காரர். வயது 38. மனைவி, இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியுள்ள அப்பா. பெங்களூரு பதிவெண்ணில் 2018 மாடல் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். 230 (ஆக்டேவியாவின் வேக ரகம்) ஒன்று விலைக்கு வந்திருக்கிறதாம். வெள்ளை நிறம், 64,000 கிலோமீட்டர், இரண்டாவது ஓனர். "அண்ணா, மனசு அங்கேயே நிக்குது. வீட்ல எல்லாரும் பயமுறுத்துறாங்க. வாங்கினா கையைக் கடிக்குமா?" என்பது கேள்வி.

கடிக்கும், தம்பி. எவ்வளவு ஆழமாகக் கடிக்கும் என்பது உங்களுக்கு முன்னால் அதை வைத்திருந்த இரண்டு பேரைப் பொறுத்தது. அதனால் வண்டியைப் பார்க்கக் கிளம்புவதற்கு முன் அந்த இரண்டு பேரைப் பற்றி விசாரியுங்கள். கோயம்புத்தூரில் ஆறு வருடத்துக்கும் மேலாக இதே மாடலை வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் ஸ்கோடாவின் பழைய வேக ரகமான லாரா வி.ஆர்.எஸ். இருந்தது. இரண்டுமே பழையதாக வாங்கியவைதான். எங்கே பணம் போனது, எங்கே போகாமல் தப்பித்தது என்று ஒரு நோட்டே வைத்திருக்கிறேன். அதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் விலை. இந்த வண்டி 2017 ஆகஸ்ட் கடைசியில் ரூ.24.62 லட்சம் ஷோரூம் விலையில் இங்கே இறங்கியது. 1984 சி.சி. டர்போ பெட்ரோல், 230 பி.எஸ். (குதிரைத்திறன்), 350 நியூட்டன் மீட்டர் டார்க் (இழுவிசை), ஆறு கியர் டி.எஸ்.ஜி. (இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்). பூஜ்யத்திலிருந்து நூறுக்கு 6.8 நொடி என்பது கம்பெனி கணக்கு. அதன் பிறகு 2020 இல் வந்த ஆர்.எஸ். 245 முழுதாக இறக்குமதி. 200 வண்டிதான், ரூ.35.99 லட்சம். 2025 இல் வந்த புது ஆர்.எஸ். வெறும் 100 வண்டி, ரூ.49.99 லட்சம். ஆக, ஐந்து பேர் உட்கார்ந்து, 590 லிட்டர் டிக்கியில் சாமான் ஏற்றி, இந்த வேகத்தில் போகிற வண்டி இந்த விலைக்குள் வேறு அதிகம் இல்லை. அதனால்தான் மற்ற செடான்கள் எட்டு வயதில் பாதி விலைக்கும் கீழே விழும்போது, இது அவ்வளவு இறங்காமல் நிற்கிறது. விற்பவருக்கும் அது தெரியும். "ரேர் பீஸ் சார்" என்பார். அரிதுதான். ஆனால் கெட்டுப்போன அரிய பொருளுக்குச் செலவும் அரிதான செலவாகத்தான் இருக்கும்.

நான் 2019 இல் மூன்று வண்டி பார்த்த கதையைச் சொன்னால் மீதியெல்லாம் தானாகப் புரியும்.

முதல் வண்டி எர்ணாகுளம் பக்கம். சிவப்பு, பளபளவென்று இருந்தது. மீட்டரில் 19,000 கூட ஓடவில்லை. விலையும் சந்தையைவிட இரண்டு லட்சம் குறைவு. கூட வந்த நண்பர் ஒன்றும் பேசாமல் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து, சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்தார். வழக்கமாக வெளியே வரும் பகுதி கறுப்பு. உள்ளே சுருண்டு கிடந்த பகுதியில் பழுப்பு நிறத்தில் ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே பொடி மண். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் நின்ற வண்டி. சீட் கவர் மாற்றலாம், கார்பெட் கழுவலாம், பெல்ட்டின் சுருளுக்குள் யாரும் கை விடுவதில்லை. சென்னைப் பதிவெண் வண்டி பார்ப்பவர்களும் 2015 டிசம்பரையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சீட்டுக்கு அடியில் இருக்கும் ஒயர் சாக்கெட்டுகளில் பச்சை பூத்திருக்கிறதா, ஸ்டெப்னி கிடக்கும் குழியில் துருவோ வண்டலோ இருக்கிறதா, ஏசி போட்ட முதல் நிமிடத்தில் நனைந்த சாக்கு வாடை அடிக்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். இந்த மாதிரி வண்டியில் கதவுக்கு ஒரு கம்ப்யூட்டர், சீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் என்று இருக்கும். தண்ணீர் குடித்த மின்சுற்று இன்றைக்கு வேலை செய்யும், இரண்டு மழைக்காலம் கழித்து ஒவ்வொன்றாகக் கைவிடும்.

இரண்டாவது வண்டி சென்னையில். ஓனர் நல்ல பையன், வண்டி மேல் உயிரையே வைத்திருந்தான். "ஸ்டாக் கண்டிஷன் அங்கிள், ஒண்ணுமே கை வைக்கல" என்றான். பானெட்டைத் திறந்தால் ஏர் ஃபில்டர் டப்பாவின் திருகுகள் தலை மழுங்கிப் போயிருந்தன. ஃபில்டர் மாற்ற நாலைந்து தடவைக்கு மேல் கழற்றாத திருகு எப்படி மழுங்கும்? அடியில் பார்த்தால் டர்போவை அடுத்து வரும் குழாயின் கிளாம்ப் புதுசு, சுற்றியிருந்ததெல்லாம் பழசு. அதாவது, ஓபன் ஃபில்டரும் டவுன்பைப்பும் போட்டு, இ.சி.யு. என்னும் இன்ஜின் கம்ப்யூட்டரை ரீமேப் செய்து (அதாவது, சக்தியைக் கூட்ட மென்பொருளை மாற்றி) ஓட்டிவிட்டு, விற்பதற்காகப் பழைய சாமானை எல்லாம் திரும்ப மாட்டியிருக்கிறான்.

ரீமேப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் நீங்கள் பார்க்கப் போகும் ஆர்.எஸ்.களில் பாதிக்கு மேல் இந்தக் கேள்வி எழும். இந்த இன்ஜினுக்கு 'ஸ்டேஜ் 1' என்று மென்பொருளை மட்டும் மாற்றினாலே 300 பி.எஸ். பக்கம் போகும். இன்ஜின் தாங்குமா என்றால், நல்ல பெட்ரோல், நல்ல ஆயில், பொறுப்பான ஓனர் என்றால் தாங்கும். நானே அப்படி ஓடும் வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். ஆனால் 350 நியூட்டன் மீட்டர் அளவுக்கென்று அமைத்த கிளட்ச்சும், இன்ஜின் அதிர்வை உள்வாங்கும் டூயல் மாஸ் ஃபிளைவீலும் அதற்கு மேல் வரும் ஒவ்வொரு இழுப்புக்கும் ஆயுளைக் கொடுத்துத்தான் ஈடுகட்டும். அந்த இழுப்பின் சுகம் பழைய ஓனருக்கு, பில் உங்களுக்கு. இன்னொன்று சட்டம். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றிய வண்டியைப் பதிவு செய்ய முடியாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை வைத்து உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொல்லிவிட்டது. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ் சர்வேயர் இதைப் பிடித்துக்கொள்வார். ரீமேப் என்று ஒளிக்காமல் சொல்லி, யார் செய்தது, எப்போது, எந்தக் கிலோமீட்டரில் என்று பேப்பர் காட்டுகிறவரிடம் பேரம் பேசலாம். ஒளித்தவரிடம் டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள். ஒன்றை ஒளித்தவர் இன்னும் எதையெல்லாம் ஒளித்திருப்பார்?

மூன்றாவது வண்டி என் வீட்டிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தது! ஓனர் ஸ்பின்னிங் மில்லில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். 41,000 ஓடியிருந்தது. முன் பம்பரின் அடியில் உரசல், ஒரு அலாயில் கீறல், பானெட் முழுக்கக் கல் தெறித்த புள்ளிகள். பார்க்க முதல் இரண்டின் கால் தூசி பெறாது. ஆனால் ஒரு ஃபைலைக் கொண்டுவந்து வைத்தார். வாங்கிய நாளிலிருந்து ஒவ்வொரு சர்வீஸ் பில், டயர் பில், பேட்டரி பில், ஃபாஸ்டேக் ரசீதுகூட. ஆயிலை, ஸ்கோடா கம்பெனி சொன்ன 15,000 கிலோமீட்டருக்குக் காத்திராமல், 8,000 க்கு ஒரு தடவை மாற்றியிருந்தார். "மெஷினுக்கு எண்ணெய் கேட்டுப் போடக்கூடாது, கேக்கறதுக்கு முன்னாடி போடணும்" என்றார். பேரமே பேசவில்லை நான். உண்மையைச் சொன்னால், பேசத் தோன்றவில்லை.

உங்கள் வெள்ளை வண்டிக்கு வருவோம். 64,000 கிலோமீட்டர் என்பது பயப்பட வேண்டிய எண் இல்லை. வாரக் கடைசியில் மட்டும் வெளியே எடுத்து, குளிர்ந்த இன்ஜினை அப்படியே மிதித்து, இரண்டு வருடம் ஆயில் மாற்றாத 22,000 கிலோமீட்டர் வண்டியைவிட, தினமும் ஓசூர் ரோட்டில் ஓடி ஒழுங்காக சர்வீஸ் ஆன 64,000 மேல். ஆனால் இந்த எண்ணில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஆர்.எஸ். 230 இல் இருப்பது டி.க்யூ.250 என்னும் கியர்பாக்ஸ்; ஆறு கியர், எண்ணெயில் நனைந்த இரட்டைக் கிளட்ச். டி.எஸ்.ஜி. என்றாலே ஊரில் பயமுறுத்துவார்கள். அந்தப் பயம் பெரும்பாலும் டி.க்யூ.200 என்ற ஏழு கியர் உலர் கிளட்ச் கியர்பாக்ஸ் சம்பாதித்த பெயர். நம் ஊர் டிராஃபிக்கும் வெயிலும் அதை நிறைய வதைத்தன. டி.க்யூ.250 உறுதியான சாமான். ஆனால் 60,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை அதன் எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றியே ஆக வேண்டும். அது சின்னச் செலவு இல்லை. அதனால் அந்தச் செலவு வருவதற்கு முன்னாலோ, அதைத் தள்ளிப்போட்ட கையோடோ வண்டியை விற்றுவிடுகிற பழக்கம் உண்டு. 58,000 முதல் 66,000 வரைக்கும் ஓடிய ஆர்.எஸ்.கள் விற்பனைக்கு வருவதைக் கொஞ்சம் சந்தேகக் கண்ணோடு பார்ப்பது என் வழக்கம். ஆகவே ஓனருக்கு நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "டி.எஸ்.ஜி. ஆயில் மாத்தின பில் இருக்கா?" இருந்தால் நல்லது. இல்லையென்றால் வாங்கிய வாரமே நீங்கள் மாற்ற வேண்டும், அந்தத் தொகையை விலையில் கழிக்க வேண்டும்.

கியர்பாக்ஸை ஓட்டிப் பார்ப்பது எப்படி? காலியான ரோட்டில் விரட்டிப் பார்ப்பதில் எதுவும் தெரியாது, எல்லா ஆர்.எஸ்.ஸும் விரட்டினால் பறக்கும், உங்கள் மூளையும் கூடவே பறந்துவிடும். பெங்களூரு டிராஃபிக்கில் அரை மணி நேரம் ஓட்டுங்கள். பிரேக்கிலிருந்து மெதுவாகக் காலை எடுத்தால் வண்டி தயங்காமல், உதறாமல் ஊர்ந்து கிளம்ப வேண்டும். நிற்கப் போகும் வேகத்தில் இரண்டிலிருந்து ஒன்றுக்கு இறங்கும்போது 'டொக்' என்று இடிக்கக்கூடாது. ரிவர்ஸுக்கும் டிரைவுக்கும் மாற்றி மாற்றிப் போடுங்கள்; ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி ஏற வேண்டும். இன்ஜினை அணைக்கும்போது டப்பாவில் போல்ட்டைப் போட்டுக் குலுக்கிய சத்தம் வந்தால் ஃபிளைவீல் போகப் போகிறது என்று அர்த்தம்.

இன்னொரு சின்னத் தந்திரம்: முந்தின நாளே ஓனரிடம், "நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று சொல்லிவையுங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் ஏன் என்று யோசியுங்கள். குளிர்ந்த இன்ஜின் ஸ்டார்ட் ஆகும் முதல் மூன்று நொடியில் டைமிங் செயினின் குரல் கேட்கும். ஆர்.எஸ். 230 இல் இது பெரிய தலைவலி இல்லை. ஆனால் இதைப் படித்துவிட்டு யாராவது விலை குறைவு என்று 2011–13 லாரா வி.ஆர்.எஸ். பக்கம் போகப்போகிறீர்கள் என்றால் கவனம். அதில் இருக்கும் 160 பி.எஸ். 1.8 டி.எஸ்.ஐ. இன்ஜினின் அந்தத் தலைமுறைக்கு மூன்று பழக்கங்கள் உலகம் முழுக்கப் பிரசித்தம்: ஆயில் குடிக்கும், வால்வின் முதுகில் கரி கட்டும், செயினை இறுக்கிப் பிடிக்கும் பழைய வகை டென்ஷனர் தளர்ந்தால் செயின் ஒரு பல் தாவும், தாவினால் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும். டென்ஷனர் மாற்றிய பில் இல்லாத லாரா என்றால், மாற்றும் செலவையும் சேர்த்து விலை பேசுங்கள். மேனுவல் கியரில் அந்த வண்டி தந்த சுகத்தை இப்போது நினைத்தாலும் கை துறுதுறுக்கிறது. அது வேறு விஷயம்.

230 இன் இன்ஜினில் பார்க்க வேண்டியது கூலன்ட். இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் தெர்மோஸ்டாட்டும் வாட்டர் பம்பும் ஒரே பிளாஸ்டிக் வீட்டுக்குள் இருக்கின்றன. சூட்டில் வெந்து வெந்து அது மெல்லக் கசியும். தரையில் சொட்டாது, கியர்பாக்ஸ் மேலேயே விழுந்து காய்ந்து இளஞ்சிவப்புப் பொருக்காகப் படியும். டார்ச் அடித்துப் பாருங்கள். கூலன்ட் தொட்டியில் வெறும் தண்ணீர் நிறம் தெரிந்தால், கசிவு இருந்தும் யாரோ குழாய்த் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். அந்த வண்டியை விட்டுவிடலாம்.

இதையெல்லாம் நீங்களே கண்டுபிடிக்க முடியாது. ஸ்கோடா, ஃபோக்ஸ்வாகன் குடும்பத்து வண்டிகளையே பார்க்கும் தனி ஒர்க்ஷாப்புகள் பெங்களூரில் உண்டு. ஒருவரைக் காசு கொடுத்து அழைத்துப் போங்கள். வி.சி.டி.எஸ். அல்லது ஓ.பி.டி. லெவன் ஸ்கேனர் வைத்திருப்பவராகப் பாருங்கள். மீட்டரைத் திருப்பி வைத்தவர்கள் பெரும்பாலும் டாஷ்போர்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எப்போதோ வந்த பிழைப் பதிவு ஒன்றில், அது வந்த கிலோமீட்டரும் சேர்ந்து பதிவாகியிருக்கும். மீட்டர் 64,000 காட்டும்போது பழைய பிழை ஒன்று 81,000 இல் வந்ததாகச் சொன்னால் அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? ஸ்கேனர் இல்லாமலும் சில சாட்சிகள் உண்டு: நாலு கண்ணாடியிலும் தயாரிப்பு வருடக் குறி ஒன்றுபோல் இருக்க வேண்டும். டயரில் வாரமும் வருடமும் நாலு இலக்கமாக அச்சாகியிருக்கும். 2018 வண்டியில் இன்னும் 2018 டயர் இருந்தால், கோடு மிச்சமிருந்தாலும் ரப்பர் செத்துவிட்டது, நாலு டயர் விலையைக் கழியுங்கள்.

பேப்பர் வேலை. வண்டி கே.ஏ. என்பதால் கர்நாடக ஆர்.டி.ஓ.விலிருந்து படிவம் 28 இல் என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லாச் சான்று) வர வேண்டும். பெயர் மாற்றத்துக்கு 29, 30. கடன் இருந்திருந்தால் வங்கிக் கடிதத்தோடு படிவம் 35. இங்கே வந்து தமிழ்நாட்டு வாழ்நாள் வரியை வண்டியின் வயதுக்கேற்ற விகிதத்தில் கட்டிப் புது எண் வாங்க வேண்டும். கர்நாடகத்தில் கட்டிய வரியில் மிச்ச காலத்துக்கானதைத் திரும்பக் கேட்கலாம், பொறுமை வேண்டும். இந்த வரி கணிசமான தொகை, பேரம் பேசும்போதே கணக்கில் வையுங்கள். இல்லாவிட்டால் 'மலிவாக வாங்கினேன்' என்ற சந்தோஷம் ஆர்.டி.ஓ. வாசலோடு முடிந்துவிடும். வெளி மாநில எண்ணிலேயே ஓட்டிக்கொள்ளலாம் என்று புரோக்கர் சொல்வார். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கேயே வைத்து ஓட்டினால் எண்ணை மாற்றியே ஆக வேண்டும். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். நோ கிளைம் போனஸ் பழைய ஓனருடையது, வண்டியோடு வராது. கிளைம் எதுவும் வாங்கியிருக்கிறதா என்று பழைய பாலிசி நம்பரை வைத்து விசாரித்தால், விபத்துக் கதை ஏதும் இருந்தால் அங்கேயே வெளியே வந்துவிடும்.

வாங்கிவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். வாங்கும் விலையில் பத்தில் ஒரு பங்கைத் தனியாக ஒரு கணக்கில் போட்டுவிடுங்கள். முதல் வருடம் அது கரையும். அந்தப் பணம் கையில் இல்லையென்றால் இந்த வண்டி உங்களுக்கு இன்னும் வரவில்லை, ஒரு வருடம் பொறுங்கள். வீட்டில் பயமுறுத்துகிறவர்கள் சொல்வதில் உண்மை இருக்கும் இடம் இதுதான்.

வந்த வாரமே இன்ஜின் ஆயில், எல்லா ஃபில்டர்கள், பிரேக் ஆயில், ஸ்பார்க் பிளக், பில் இல்லையென்றால் டி.எஸ்.ஜி. ஆயில். இதற்குப் பிறகுதான் வண்டியின் கணக்கு உங்களிடம் தொடங்குகிறது. இன்ஜின் ஆயில் எந்த பிராண்டாகவும் இருக்கட்டும், டப்பாவின் பின்பக்கம் வி.டபிள்யூ. (ஃபோக்ஸ்வாகன்) 502 00 அல்லது 504 00 என்ற ஒப்புதல் எண் அச்சாகியிருக்க வேண்டும். "அதே 5டபிள்யூ-40 தான் சார்" என்று கடைக்காரர் வேறொன்றை நீட்டுவார். பிசுபிசுப்பு ஒன்றாக இருந்தாலும் சேர்மானம் ஒன்றாக இருக்காது. 8,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றுங்கள். பிரேக் ஆயில் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை. மீட்டரில் கிலோமீட்டர் ஏறாவிட்டாலும் அது காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்துக்கொண்டேதான் இருக்கும். ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் குடும்பத்தோடு இறங்கும்போது பிரேக் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினால் தெரியும் இதன் அருமை.

பெட்ரோல் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். இப்போது பங்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. 2018 வண்டி அதை மனதில் வைத்துச் செய்ததல்ல. ஆக்டேனைப் பொறுத்தவரை எத்தனால் கெடுதல் இல்லை, உண்மையில் கூட்டித்தான் கொடுக்கும். மைலேஜ் கொஞ்சம் குறையும். எனக்கு ஊருக்குள் எட்டரை, ஹைவேயில் பதின்மூன்று. எத்தனாலின் தொல்லை, வண்டி நிற்கும்போதுதான். ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால் பாதி டேங்கோடு இரண்டு மாதம் ஷெட்டில் போட்டு வைக்காதீர்கள். வாரம் ஒரு நாளாவது நன்றாகச் சூடேறும்படி ஓட்டுங்கள். ரீமேப் செய்யாத இன்ஜினுக்கு 100 ஆக்டேன் பெட்ரோல் போட்டால் பர்ஸ்தான் லேசாகும்.

ஓட்டும் பழக்கத்தில் இரண்டு. சிக்னலில் பிரேக்கை அரைகுறையாக மிதித்து ஊர்ந்துகொண்டே இருக்காதீர்கள்; முழுதாக மிதித்தால் கிளட்ச் விடுபடும், அரைகுறையாக மிதித்தால் அது உரசிக்கொண்டே இருக்கும். மேட்டில் ஆக்ஸிலரேட்டரை மிதித்து வண்டியைத் தாங்கி நிறுத்தாதீர்கள். இரண்டாவது, காலையில் ஸ்டார்ட் செய்ததும் முதல் ஏழெட்டு கிலோமீட்டர் கிழவனைப் போல ஓட்டுங்கள். கூலன்ட் முள் நடுவுக்கு வந்தாலும் ஆயில் இன்னும் சூடாகியிருக்காது. டர்போ சுழல்வது அந்த ஆயிலில்தான்.

நான் செய்த முட்டாள்தனத்தையும் எழுதிவிடுகிறேன். வாங்கி மூன்று மாதத்தில், வண்டிக்கு 17 அங்குல அலாய் போதாது என்று தோன்றி, 18 அங்குலம் போட்டேன். பார்க்க அம்சமாக இருந்தது. ஒரு மழை இரவில் அவிநாசி ரோட்டில் தண்ணீருக்கு அடியில் இருந்த பள்ளத்தில் இறங்கினேன். ஒரே அடியில் இரண்டு டயர் பக்கவாட்டில் வெடித்து, ஒரு அலாய் விரிசல், ஒரு லோயர் ஆர்ம் வளைவு. இது ஏற்கெனவே சாதாரண ஆக்டேவியாவைவிடத் தாழ்ந்த, விறைப்பான வண்டி. நம் ரோட்டில் அந்த ரப்பர் உயரம்தான் சஸ்பென்ஷனின் பாதி. பழைய 17 க்கே திரும்பினேன். டயரில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். 350 நியூட்டன் மீட்டரையும் முன் இரண்டு சக்கரமே தரைக்குக் கடத்துகின்றன. மட்டமான டயரோடு மழையில் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் போவது வீரம் இல்லை. அடியில் இன்ஜினுக்குக் கீழே கனமான பாதுகாப்புத் தகடு போடலாமா என்று கேட்பார்கள். போடுங்கள். கிராமத்து ஸ்பீடு பிரேக்கர்களை ஆளைக் குறைத்துக்கொண்டு, கோணலாகத்தான் ஏற வேண்டும் என்பதையும் பழகிக்கொள்ளுங்கள்.

மாற்று எதுவும் உண்டா? வாரண்டியோடு புதிதாக வேண்டும் என்றால் ஸ்லாவியா, விர்ட்டஸ் இரண்டிலும் 150 பி.எஸ். 1.5 டர்போ இருக்கிறது. உங்கள் தேவையில் முக்கால்வாசியை அது தீர்த்துவிடும், கால்வாசி ஏக்கம் மிச்சமிருக்கும். பழைய பி.எம்.டபிள்யூ. 330i மாடலில் இன்னும் வேகம், பின் சக்கர இழுப்பு, ஆனால் ஒவ்வொரு உதிரிபாகமும் இன்னும் ஒரு படி மேலே. டிக்கியும் இவ்வளவு வராது. ஆர்.எஸ்.ஸின் பின் கதவு கண்ணாடியோடு சேர்ந்து எழும்புவதால், பின் சீட்டை மடித்து என் மகளின் சைக்கிளைச் சக்கரம் கழற்றாமல் ஏற்றியிருக்கிறேன். செடான் என்று நினைத்து வாங்கியவர்களுக்கு அது ஒரு இனாம்.

உங்கள் அப்பாவைப் பற்றிச் சொன்னீர்களே, அதை எல்லோரும் கடைசியில்தான் யோசிப்பார்கள். முன் சீட் இரண்டு பக்கமும் மேடு கட்டிய ஸ்போர்ட்ஸ் சீட். உயரமும் தாழ்வு. முழங்கால் வலிக்காரருக்கு இறங்குவது கஷ்டம், ஏறுவதைவிட. பின் சீட் பரவாயில்லை, கதவும் நன்றாகத் திறக்கும். பெங்களூருக்கு வண்டி பார்க்கப் போகும்போது அப்பாவையும் கூட்டிப் போங்கள். முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை உட்கார்ந்து எழுந்து பார்க்கட்டும். என் அம்மா பின்னால் இடது பக்கம்தான் உட்காருவார். ஏறும்போது கதவின் மேல் கைப்பிடியையும், இறங்கும்போது என் தோளையும் பிடித்துக்கொள்வார். ஆறு வருடத்தில் வண்டியைப் பற்றி அவர் சொன்ன ஒரே குறை, பள்ளத்தில் இறங்கினால் இடுப்பு வலிக்கிறது என்பதுதான். 18 அங்குலத்தைக் கழற்றிய பிறகு அதையும் சொல்வதில்லை.

டி.எஸ்.ஜி. பில் கிடைத்ததா இல்லையா என்று மட்டும் எழுதுங்கள். என்ன விலை கேட்கலாம் என்பதை அதற்குப் பிறகு பேசுவோம்.